குறுக்குக் கோடு போட்ட ஏழு

என் மனைவி ரயில்வே வேகன் பட்டறையில் பெயின்டர். அடிபட்ட சரக்கு வண்டிகள் பட்டறைக்கு வந்து, தட்டி நிமிர்த்தி, வெல்டிங் வைத்து, கடைசியில் அவள் கைக்கு வரும். சாயம் அடிப்பாள், காய்ந்ததும் எண் எழுதுவாள். பதினேழு வருஷமாக இதே வேலை. அங்கே அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் கிடையாது, எல்லாருக்கும் பெயின்டரம்மாதான். நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்து ஃபிரேமில் மாட்டுகிறவன். அவள் முழத்தில் பிழைக்கிறாள், நான் மில்லிமீட்டரில் பிழைக்கிறேன் என்று கல்யாணமான புதிதில் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது சொல்வதில்லை.

மாடல் வேகன் எங்கள் வீட்டுக்குள் வந்தது என்னால்தான். நம்முடைய கை நுணுக்கமான கைதானே என்ற தலைக்கனத்தில் ஒரு கிட் வாங்கி வந்தேன். பெட்டியைத் திறந்தால் சாம்பல் நிறப் பிளாஸ்டிக் சட்டங்கள். ஒவ்வொரு சட்டத்திலும் துண்டு துண்டாக ஒட்டிக்கொண்டிருந்தன பக்கச் சுவர், கதவு, சக்கரத்தின் மேல் வரும் சுருள்வில், தலைமயிர் கனத்தில் கைப்பிடி. கத்தரித்து, பிசிறு சீவி, பசை வைத்து ஒட்ட வேண்டும். நிஜ வண்டியை எண்பத்தேழில் ஒரு பங்காகச் சுருக்கினால் வரும் அளவு. ஜன்னலோரம் மேஜையைப் போட்டுக்கொண்டு இரண்டு நாள் உட்கார்ந்தேன். அவள் துணி மடித்துக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாவது நாள் பொறுக்க முடியவில்லை அவளுக்கு.

"ஏங்க, கதவு மேல் பக்கமா திறந்தா கரி எப்படிங்க கீழ கொட்டும்?"

நான் சுவரைத் தலைகீழாக ஒட்டியிருந்தேன். "தள்ளிக்குங்க கொஞ்சம்" என்றாள். தள்ளிக்கொண்டேன். அந்த நாற்காலி பிறகு எனக்குத் திரும்பக் கிடைக்கவே இல்லை. நான் ஒட்டிய வண்டி குப்பைக்குப் போனது.

முதல் இரண்டு மூன்று வண்டிகளைப் பெட்டியில் போட்டிருந்தபடி செய்தாள். அப்புறம்தான் 61727-ஐச் செய்ய வேண்டும் என்ற எண்ணம் வந்தது. அது நிஜமான வண்டி. திறந்த மேல்பாகம் உள்ள கரி வேகன். சில வருஷங்களுக்கு முன் கிரேன் கொக்கி இடித்து, ஒரு மூலை உள்வாங்கி, பட்டறைக்கு வந்தது. மூலைக் கதவுக்கு மாற்று கிடைக்கவில்லை. ஃபோர்மேன் கதவையே எடுத்துவிட்டு, அந்த இடத்தில் தகடு வைத்து வெல்டிங் அடிக்கச் சொன்னார். அதன்மேல் சாயம் அடித்து எண் எழுதியது இவள்.

அந்த எண்ணில் வரும் ஏழைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் எல்லா வம்பும் அதில்தான். பட்டறையில் எண் எழுதத் தகட்டில் வெட்டிய அச்சுகள் உண்டு. அந்த வருஷம் ஏழின் அச்சு உடைந்துபோயிற்று. புதியது வரும்வரை ஏழை மட்டும் கையால் எழுதினாள். மழையில் கரைந்த ஏழு என்ற எண்ணை எவரோ ஒன்று என்று படித்துவிட, கோதுமை ஏற்ற வேண்டிய வண்டி கரிச் சுரங்கத்துக்குப் போய் நின்றது. பெரிய ரகளை. ஃபோர்மேன் வந்து, "ஏழுக்கு இடுப்புல ஒரு கோடு போட்டுடும்மா, எவனும் மாத்திப் படிக்க மாட்டான்" என்றார். போட்டாள். இரண்டு மாதத்தில் புது அச்சு வந்தது, கோடு போடுவதும் நின்றது. அந்த இரண்டு மாதத்தில் வெளியே போன வண்டிகள் முப்பதோ நாற்பதோ. 61727 அதில் ஒன்று.

நாலு மாதம் உட்கார்ந்தாள். கிட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று கதவு, மூன்றும் ஒரே மாதிரி. மூலைக் கதவை அறுத்தெடுத்து, அந்த இடத்தை அரத்தால் வழித்து, தாள் போன்ற பிளாஸ்டிக் தகட்டை ஒட்டினாள். ஒட்டுவதற்கு முன் அந்தத் தகட்டை வெந்நீரில் காட்டி, கரண்டியின் முதுகால் லேசாக அமுக்கினாள், நிஜத்தில் தகடு கொஞ்சம் நெளிந்திருந்ததாம். வெல்டிங் தழும்புக்கு ஒரு வேலை செய்தாள். துண்டுகளைக் கத்தரித்தபின் மிஞ்சும் சட்டத்தை மெழுகுவத்திச் சுடரில் காட்டி இழுத்தால் நூல்போல் நீளும். அந்த நூலைத் தகட்டின் ஓரம் படுக்கவைத்து, பசை தடவி இளக்கி, ஊசி முனையால் குத்திக்கொண்டே போனாள். சாயம் அடித்ததும் பார்த்தால், அசல் வெல்டிங். தடித்தடியாக இருந்த கைப்பிடிகளைச் சீவி எறிந்துவிட்டு, என் கடையிலிருந்து மெல்லிய செம்புக் கம்பி கேட்டு வாங்கி, வளைத்து மாட்டினாள். தலையில் மாட்டிக்கொள்ளும் உருப்பெருக்கி ஒன்று நான் செய்து கொடுத்தேன். இந்த வண்டியில் என் பங்கு கம்பியும் உருப்பெருக்கியும்தான்.

எண் எழுத ஒரு பிரஷ்ஷில் நாலு மயிரை விட்டுவிட்டு மீதியைக் கத்தரித்தாள். எழுத்தின் உயரம் இரண்டரை மில்லிமீட்டர். இரண்டு தடவை எழுதி, பிடிக்காமல் துடைத்தாள். மூன்றாவது தடவை எழுதும்போது நான் அடுத்த அறையில்கூட நடமாடவில்லை.

மாடல் ரயில் சங்கத்தின் கண்காட்சி ஒரு பள்ளிக்கூட ஹாலில் நடந்தது. நீளமான மேஜைகளில் ஐம்பது அறுபது வண்டிகள். நானும் அவளும் அவளுடைய தம்பியும் போயிருந்தோம். மச்சான் பஸ் டிரைவர். அவனுக்கு அன்று விடுமுறை. நடுவரை அங்கே எல்லாரும் கையேட்டுக்காரர் என்றார்கள். சரக்கு வண்டிகளுக்கான தரக் கையேட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டே நடப்பார், பேச்சுக்குப் பேச்சு புரட்டுவார். வண்டிப் பட்டறைக்குள் அவர் காலெடுத்து வைத்ததில்லை என்று பிறகு தெரிந்தது.

மதியம் முடிவு வந்தது. எங்கள் வண்டிக்கு மூன்றாம் இடம், ஒரு சின்னக் கோப்பை. நான் கை தட்டப் போனேன். அவள் மதிப்பெண் சீட்டைப் படித்துக்கொண்டிருந்தாள். கட்டுமானம், பத்துக்குப் பத்து. அடிப்பாகம், பத்துக்குப் பத்து. சாயம், ஒன்பது. எழுத்து, ஏழு. பக்கத்தில் பச்சை மையில் குறிப்பு: 'ஏழில் குறுக்குக் கோடு. பட்டறை வழக்கத்துக்கு மாறானது. மூன்று குறைவு.' அந்த மூன்றும் இருந்திருந்தால் முதலிடம்.

கையேட்டுக்காரர் அந்தப் பக்கமாக வந்தார். வந்தவர் என்னிடம்தான் பேசினார்.

"சார், வேலை பிரமாதம். எழுத்துலதான் கோட்டை விட்டுட்டீங்க."

"எழுத்துல என்ன தப்பு?" என்று அவள் கேட்டாள்.

அவர் பதிலையும் என்னைப் பார்த்தே சொன்னார். "ஏழுக்குக் கோடு போடறது சிலபேருக்கு நோட்டுல எழுதற பழக்கம் சார். பட்டறையில எந்தப் பெயின்டரும் அப்படி எழுத மாட்டான்."

"மாட்டானா?"

"மாட்டான்மா. கையேட்டுல படமே போட்டிருக்கு."

"பட்டறையில பெயின்டர் நான்தான். அந்த வண்டிக்கு நம்பர் எழுதினதும் நான்தான்."

அவர் சிரித்தார். "அழகா எழுதியிருக்கீங்கம்மா, இல்லைன்னு சொல்லலை. நான் சொல்றது நிஜ வண்டியை."

"நானும் அதைத்தான் சொல்றேன்."

"சரி, அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டு, "ஒரு அச்சு வாங்கிக் குடுங்க சார், வேலை சுலபமாயிடும்" என்று எனக்கும் ஒரு யோசனை கொடுத்துவிட்டு நகர்ந்தார்.

நான் தலையாட்டினேன். என்ன சொல்வதென்று தெரியாமல் ஆட்டினேன் என்பதுதான் உண்மை. ஆனால் அந்த உண்மை வீட்டுக்கு வந்தபின் செல்லுபடியாகவில்லை.

"அந்த ஆளு உங்ககிட்ட பேசறாரு, நீங்க தலையாட்டறீங்க. செஞ்சது நான்னு சொல்ல வாய் வரலையா? முத்தா உதிர்ந்திடும்?"

"நீதான் சொன்னியேம்மா."

"நான் சொன்னது அவர் காதுல ஏறிச்சா? நீங்க சொல்லியிருந்தா ஏறியிருக்கும். அதுவே எனக்கு எரிச்சல்."

மச்சான் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "அக்கா, மூணாவது இடம் வந்திருக்கு, கோப்பை வந்திருக்கு, விடேன்" என்றான். அதற்கு அவள் வண்டியை எடுத்து, சக்கரம் மேலே பார்க்கும்படி கவிழ்த்து, அவன் முன்னால் வைத்தாள்.

"இதுக்குப் பத்துக்குப் பத்து குடுத்திருக்காரு. நல்லா பாரு."

அவன் பார்த்தான். நானும் பார்த்தேன். சக்கரங்கள், கம்பிகள், ஒரு உருளை, எல்லாம் துல்லியமாகத்தான் தெரிந்தது.

"இந்தக் கம்பியை இழுத்தா இந்தக் கட்டை போய் சக்கரத்தைப் பிடிக்கணும். அதுதான் பிரேக்கு. நான் தாங்கியை இடம் மாத்தி ஒட்டிட்டேன். இழுத்தா கட்டை விலகும், பிடிக்காது. இந்த வண்டி சரிவுல நின்னா உருண்டுகிட்டே போகும். கண்காட்சிக்கு ரெண்டு நாள் முன்னாடிதான் பாத்தேன். பசை இறுகிப்போச்சு, பிரிச்சா அடிச்சட்டம் ஒடியும். சரி, கண்டுபிடிச்சு அஞ்சு மார்க் வெட்டுவாங்க, வெட்டட்டும்னு கொண்டுபோனேன். அதுக்கு வெட்டியிருந்தா தலையைக் குனிஞ்சுக்கிட்டு வந்திருப்பேன். தப்பா இருக்கற இடத்துல முழு மார்க்கு. சரியா இருக்கற இடத்துல பச்சை மை."

கோபத்தில் அழுகை வருகிற ஆள் இல்லை அவள். அன்று கிட்டத்தட்ட வந்தது. நான் எழுந்து காகிதம் எடுத்து வந்தேன்.

சங்கத்துக்குக் கடிதம் எழுதினோம். நான் 'மேற்படி தீர்ப்பு எங்களுக்குப் பெரும் மனவேதனை அளிக்கிறது' என்று தொடங்கியிருந்தேன். அவள் அதை அடித்துவிட்டு, 'ஏழு சரி. எழுதியது நான். மூன்று மதிப்பெண் குறைத்தது தப்பு' என்று எழுதச் சொன்னாள். நாலு நாளில் செயலாளரிடமிருந்து பதில் வந்தது. உரிய ஆதாரம் இருந்தால் புதன்கிழமை கமிட்டிக் கூட்டத்தில் காட்டலாம் என்று போட்டிருந்தது. கடிதத்தின் முகவரியில் என் பெயருக்கு முன்னால் திரு போட்டு, பக்கத்தில் 'மற்றும் குடும்பத்தினர்' என்று சேர்த்திருந்தார்கள். அந்தக் 'குடும்பத்தினர்' அதைப் படித்துவிட்டுக் கடிதத்தை மேஜைமேல் வைத்த விதத்தில் தண்ணீர்ச் செம்பு குதித்தது.

ஆதாரம் என்றால் அந்த வண்டிதான். பட்டறையின் யார்டு கிளார்க்கிடம் கேட்டாள். அவர் கம்ப்யூட்டரில் தட்டி, ஒரு சிமென்ட் ஆலையின் பக்கப் பாதையில் கரி இறக்க நிற்கிறது, திங்கட்கிழமை கிளம்பிவிடும் என்றார். இருந்தது ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான். மச்சான் சிநேகிதனுடைய வேனை வாங்கிக்கொண்டு வந்தான். இரண்டு மணி நேரப் பயணம். ஆலை வாசலில் கறுப்புச் சாயம் அடித்த இரும்புக் கதவு, உள்ளே ஒரு காவலாளி. கதவுக் கம்பிகளுக்கு இடையே வண்டிகளின் வால் தெரிந்தது. எண் தெரியவில்லை.

"உள்ள விட முடியாதுங்க. போட்டோ எடுக்கவும் கூடாது" என்றார் காவலாளி.

"நம்பரை மட்டும் எடுத்துக்கறோம். அதை எழுதினது நான்தான்."

"யாரு வேணாலும் சொல்லலாமேம்மா."

நியாயமான பேச்சு. அவள் கோபிக்கவில்லை. சுற்றுமுற்றும் பார்த்தாள். சிமென்ட் ஆலை அல்லவா, வழியெல்லாம் சுண்ணாம்புக்கல் சிதறிக் கிடந்தது. ஒரு துண்டைப் பொறுக்கிக்கொண்டு, அந்தக் கறுப்புக் கதவில் ஒரு முழ உயரத்துக்கு 61727 என்று எழுதினாள். கையைத் தூக்கி எழுத ஆரம்பித்தால் அவள் இடையில் நிறுத்துவதில்லை. ஏழின் கால் லேசாக இடது பக்கம் சாயும், கோடு நடுவுக்குக் கொஞ்சம் மேலே விழும். எழுதிவிட்டுக் கல்லைக் கீழே போட்டாள்.

"போய்ப் பாத்துட்டு வாங்க. வேற மாதிரி இருந்தா நாங்க திரும்பிப் போறோம்."

காவலாளி அவளையும் கதவையும் பார்த்தார். எழுந்து, வண்டி வரிசையோரம் நடந்து போனார். போனவர் ஆறாவதோ ஏழாவதோ வண்டிக்கு முன்னால் நின்றார். ரொம்ப நேரம் நின்றார். திரும்பி வந்து கதவில் இருந்ததை மறுபடி ஒரு தடவை பார்த்தார்.

"ஒரே கை" என்று சொல்லிவிட்டுத் தாழ்ப்பாளை நீக்கினார். "போட்டோ எடுங்க. சீக்கிரம் வந்துடுங்க."

வண்டி கரித்தூள் அப்பிக் கிடந்தது. அவள் கைக்குட்டையால் எண்ணைத் துடைத்தாள். குறுக்குக் கோடு போட்ட ஏழு, இரண்டும், தெளிவாக இருந்தன. பக்கத்தில் நெளிந்த தகடு, அதைச் சுற்றி வெல்டிங் தழும்பு. மச்சான் ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு, "அக்கா, இதைவிட நீ செஞ்சது நல்லா இருக்கு" என்றான்.

"அப்படி இருக்கக் கூடாதுடா" என்றாள் அவள். எண்ணைப் படம் எடுத்தாள். பிறகு மண்ணில் உட்கார்ந்து குனிந்து, அடியில் பிரேக்கையும் நாலு படம் எடுத்தாள்.

கமிட்டிக் கூட்டம் செயலாளரின் மருந்துக் கடைக்குப் பின்னால் இருந்த அறையில் நடந்தது. மாத்திரைப் பெட்டிகளுக்கு நடுவே ஒரு மேஜை, சுற்றிலும் நாற்காலிகள். செயலாளர், கையேட்டுக்காரர், இன்னும் இரண்டு பேர்; இந்தப் பக்கம் அவளும் நானும் மச்சானும். அவர்கள் மறுபடியும் என்னைப் பார்த்து, "சொல்லுங்க சார்" என்றார்கள்.

இந்தத் தடவை சொன்னேன். "இதுல நான் ஒரு துண்டுகூட ஒட்டலை. நான் ஒட்டினது குப்பைக்குப் போயிடுச்சு. செஞ்சது இவங்க. நிஜ வண்டிக்கு நம்பர் எழுதினதும் இவங்க. இனிமே கேக்கறதை இவங்களைக் கேளுங்க." சொல்லிவிட்டு, நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

அவள் படத்தை வைத்தாள். ஏழின் அச்சு உடைந்த கதையை நாலே வாக்கியத்தில் சொன்னாள். கையேட்டுக்காரர் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு படத்தைப் பார்த்தார். பார்த்துவிட்டு, கையேட்டில் ஒரு பக்கத்தைத் திறந்து படத்துக்குப் பக்கத்தில் வைத்தார்.

"கோடு இருக்கு, ஒத்துக்கறேன். ஆனா கையேட்டுப்படி அது தப்பான எழுத்து. நிஜ வண்டியிலயே தப்பு இருந்தா, மாடல்லயும் அது தப்புதானே?"

"ஏங்க, நீங்க மார்க் போடறது வண்டிக்கா, புத்தகத்துக்கா? அந்த வண்டி ஓடுது. அந்த ஏழைப் படிச்சுத்தான் அதை அனுப்பறாங்க, வாங்கறாங்க. காவலுக்கு உக்காந்திருக்கறவரு நடந்து போய்ப் பாத்துட்டு வந்து சரின்னு சொல்றாரு. நீங்க உக்காந்த இடத்துலயே தப்புன்னு சொல்றீங்க."

செயலாளர் இருமினார். மற்ற இரண்டு பேரும் படத்தைத் தங்கள் பக்கம் இழுத்துப் பார்த்துவிட்டு, மூன்று மதிப்பெண்ணைத் திருப்பிக் கொடுப்பதுதான் முறை என்றார்கள். கையேட்டுக்காரர் கையேட்டை மூடிவிட்டு, "சரி" என்றார். செயலாளர் சீட்டில் திருத்தி எழுதினார். மச்சான் என் காதருகே, "முதலிடம், மாமா" என்றான்.

"இன்னும் முடியலை" என்றாள் அவள். வண்டியை எடுத்துக் கவிழ்த்து நடுவரின் முன்னால் வைத்தாள். "இதுக்குப் பத்துக்குப் பத்து போட்டிருக்கீங்க. இப்ப பாருங்க."

அவர் பார்த்தார். லென்ஸை எடுத்தார். வண்டியை அப்படித் திருப்பினார், இப்படித் திருப்பினார். முகத்தில் ஈயாடவில்லை. அவள் அவசரப்படுத்தவே இல்லை. கடைசியில் அவரே, "என்னம்மா தப்பு?" என்று கேட்டார். ஆலையில் எடுத்த பிரேக் படத்தைப் பக்கத்தில் வைத்து, கம்பி எங்கே, கட்டை எங்கே, தாங்கி எந்தப் பக்கம் வர வேண்டும் என்று காட்டினாள்.

"கண்காட்சியன்னிக்கு இதைத் திருப்பிப் பாத்தீங்களா?"

அவர் பொய் சொல்லவில்லை. அந்த அளவில் அவரை மதிக்கிறேன். "திருப்பலை. பக்கவாட்டுல குனிஞ்சு பாத்தேன். நல்லா இருந்த மாதிரி இருந்தது."

"இதுக்கு அஞ்சு குறைக்கணும். குறைங்க."

மச்சான் என் முழங்கையைக் கிள்ளினான். நான் அவளைப் பார்த்தேன்; அவள் என்னைப் பார்க்கவில்லை. செயலாளர், "எதுக்கும்மா, நாங்கதான் கவனிக்கலையே, விட்டுடலாம்" என்றார்.

"நீங்க கவனிக்காததாலதான் வந்திருக்கேன். ஏழு சரின்னு எழுதினீங்க. பிரேக் தப்புன்னும் அதே சீட்டுல எழுதுங்க. அப்பறம் எல்லா வண்டியையும் திருப்பிப் பாருங்க."

முன்னதைச் செய்தார்கள். பின்னதற்கு, மற்ற வண்டிகளை எல்லாரும் வீட்டுக்கு எடுத்துப் போய்விட்டார்கள், அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார்கள். மூன்று கூடி ஐந்து குறைந்தது. மூன்றாம் இடம் ஐந்தாம் இடமாயிற்று. கோப்பையை அவளே பையிலிருந்து எடுத்து, மாத்திரைப் பெட்டிகளுக்கு நடுவே வைத்தாள்.

அன்றும் சிநேகிதனுடைய வேன்தான், மச்சான் அதைப் பாதி வழி வரை ஓட்டினான். அப்புறம், "முதலிடம் கையில இருந்துச்சு" என்று ஸ்டியரிங்கிடம் சொன்னான். எனக்கும் ஆற்றாமைதான். வாதாடியது எதற்கு, ஜெயித்தது எதற்கு, கடைசியில் தானே போய்க் கழுத்தை நீட்டியது எதற்கு என்று கேட்டுவிட்டேன்.

"அந்த ஏழு சரின்னு அவங்க கையாலயே எழுதிக் குடுத்தாங்க இல்ல? எனக்கு வேண்டியிருந்தது அதுதான். தப்பான பிரேக்கை வெச்சுக்கிட்டு முதல் இடத்துல நிக்க என்னால முடியாது. நாளைக்குப் பட்டறைக்குப் போய் எந்த மூஞ்சியோட அந்த வெல்டருங்க முன்னாடி நிப்பேன்?"

மறுநாளே பிரேக்கைப் பிரிக்க உட்கார்ந்தாள். பயந்தபடியே அடிச்சட்டம் ஒடிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு புதிதாக ஒன்று வெட்டினாள். பத்து நாள் ஆயிற்று. இப்போது கம்பியை ஊசியால் இழுத்தால் கட்டை சக்கரத்தைப் போய்த் தொடுகிறது.

அந்தப் பத்தாம் நாள்தான் சங்கத்தின் செய்தி மடல் தபாலில் வந்தது. திருத்திய முடிவுகளைப் படத்தோடு போட்டிருந்தார்கள். எங்கள் இடத்துக்கு, அதாவது மூன்றாம் இடத்துக்கு, ஏறியவருடைய வண்டியைப் பக்கவாட்டில் பெரிதாக அச்சடித்திருந்தார்கள். அவள் உருப்பெருக்கியை மாட்டிக்கொண்டு அந்தப் படத்தைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"என்னம்மா?" என்றேன்.

"இந்த வண்டிக்குப் பிரேக்கே இல்லைங்க. ஒட்ட மறந்துட்டாரா, வேணாம்னு விட்டுட்டாரா தெரியலை. சுத்தமா ஒண்ணுமே இல்லை. அடிப்பாகத்துக்கு ஒன்பது போட்டிருக்காங்க."

உருப்பெருக்கியைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள். மூக்கு சிவந்திருந்தது.

"பேனாவை எடுங்க" என்றாள். "மனவேதனையெல்லாம் வேணாம். நான் சொல்றதை மட்டும் எழுதுங்க."

எழுதினேன். கீழே கையெழுத்தை அவள் போட்டாள்.